படகில் ஏறாத ஆள்

எங்கள் வீட்டிலிருந்து ஆஞ்சநேயர் கோயிலுக்கு நாலு தெரு. சனிக்கிழமை தவறாமல் என் மனைவி மாலதி போவாள், நான்தான் கொண்டுபோய் விடுவேன், ஆனால் உள்ளே போகமாட்டேன், வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். இருபத்தாறு வருஷமாக நங்கநல்லூர்க்காரன், அந்தக் கோயில் பிராகாரம் எப்படியிருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாமிக்கே இந்த கதி என்றால் பேய், ஆவி, காத்து கருப்பு இதற்கெல்லாம் என்னிடம் என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒன்று தப்பினாலும் பீஸைத் தூக்கிப் போடுகிற தொழில். அளக்க முடியாத எதையும் உண்டு என்று நான் ஒத்துக்கொண்டது கிடையாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும், ஏனென்றால் கேட்டுவிட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் நினைப்பேன்.

எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் தூண்டில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடல். கூட வருவது முத்துராஜ், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், தூண்டில் சாமான் விற்கிற கடையில் இரண்டு பேரும் ஒரே ரீலுக்குக் கை நீட்டியதில் ஏற்பட்ட பழக்கம். படகு ஏழுமலையுடையது. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பத்துக்காரர், வார நாட்களில் வலைக்குப் போவார், ஞாயிறு மட்டும் எங்களைத் தன் ஃபைபர் போட்டில் ஏற்றிக்கொண்டு போவார். நாங்கள் ராடு, ரீல், பெட்டி என்று ஆயிரத்தெட்டு சாமானோடு வந்து இறங்குவதைப் பார்த்து அவருக்கு எப்போதும் ஒரு சிரிப்பு. அவரிடம் இருப்பது கட்டையில் சுற்றிய தங்கூஸ் நரம்பு, ஒரு முள், ஒரு ஈயக்குண்டு, அவ்வளவுதான், அதை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவார், எங்கள் இரண்டு பேரையும்விட அதிகம் பிடிப்பார்.

முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ரீலில் சுற்றியிருப்பது பின்னிய நூல், பிரெய்டு என்போம், தையல் நூல் கனம்தான் இருக்கும், பத்து கிலோ மீனைத் தாங்கும். அதன் நுனியில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தடித்த கண்ணாடி நரம்பு ஒன்றைச் சேர்ப்போம். அதன் முனையில் ஜிக், அதாவது மீன் மாதிரி வார்த்த ஈயத்துண்டு, அதில் முள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முடிச்சு. பட்டறையில் கரண்ட் போனால் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள், நான் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து முடிச்சு போட்டுக்கொண்டிருப்பேன், அப்படி ஒரு கிறுக்கு. போட்டபின் மிச்ச நுனியை நகத்தளவு விட்டு நறுக்கி லைட்டரை ஒரு நொடி காட்டுவேன், நரம்பு உருகி நுனியில் சின்ன மணி மாதிரி உறைந்துவிடும், அப்புறம் முடிச்சு நழுவாது. நிறையப் பேர் செய்வதுதான், என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

அது மழைக்காலத்தின் கடைசி. ஒரு வாரம் பெய்து நின்றிருந்தது. அடையாற்றில் கரை தொட்டுத் தண்ணீர், முகத்துவாரத்தில் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு ஆறு கடலுக்குள் பாய்ந்ததில் கரையோரமாக ரொம்ப தூரத்துக்குக் கடல் டீ நிறத்தில் இருந்தது, ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து போனது. ஏழுமலைக்கு அன்றைக்குப் போக அவ்வளவாக இஷ்டமில்லை. "வாடைக் காத்து ஏறும் போல கீது சார், பத்து பத்தரைக்குள்ள திரும்பிடணும்" என்று சொல்லித்தான் போட்டைத் தள்ளினார். விடிந்து சூரியன் மேகத்துக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

திருவான்மியூருக்கு நேர் எதிரே மூன்று நாலு கிலோமீட்டர் உள்ளே அடியில் பாறை இருக்கிற ஓர் இடம் ஏழுமலைக்குத் தெரியும். நங்கூரம் போட்டோம். ஒன்பது மணி வரைக்கும் ஒரு சங்கரா மீன்கூடச் சிக்கவில்லை. முத்துராஜ் கடையில் தீபாவளிக்கு விற்காமல் நின்றுபோன சரக்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தான். எனக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே ஒரு நிலையில் இருப்பு கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. ஏழுமலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இன்னா சார், எறும்பு கடிக்குதா?" என்று கேட்டார்.

ஒன்பதரை இருக்கும். ஜிக்கை இறக்கினேன். அந்த இடத்தில் ஆழம் பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடி சொச்சம், அடியைத் தொட்டதும் நூல் தளர வேண்டும். தளரவில்லை. போய்க்கொண்டே இருந்தது. மீன் அடித்துக்கொண்டு ஓடினால் எப்படியிருக்கும் என்று தூண்டில் பிடிக்கிற யாருக்கும் தெரியும், ஒரு வெட்டு வெட்டி ஓடும், நிற்கும், தலையை உதறும், மறுபடி ஓடும். இது அப்படி இல்லை. கடையில் நூல் அளந்து கொடுப்பவன் கண்டிலிருந்து உருவுகிற மாதிரி ஒரே சீராக, அவசரமே இல்லாமல் போனது. ரீலில் பிரேக்கை இறுக்கினேன், போனது. இன்னும் இறுக்கினேன், அதே வேகத்தில் போனது. அப்போதுதான் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். அந்தப் பருவத்தில் கடல் நீர் தெற்கே ஓடும், அன்றைக்கும் அப்படித்தான் ஓடியது, ஆகாயத்தாமரை எங்கள் படகைத் தாண்டித் தெற்கேதான் போய்க்கொண்டிருந்தது. என் நூல் வடகிழக்கே போனது. நீரோட்டத்துக்கு எதிராக.

"பெரிய ஐட்டம்வே!" என்று முத்துராஜ் துள்ளினான். "திருக்கையா இருக்கும் அண்ணாச்சி, அதுதான் இப்படி இழுக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். முந்நூறு மீட்டர் நூல், நானே அளந்து சுற்றியது. கடைசி நாலைந்து சுற்று இருக்கும்போது, ரீலின் அடித்தகடு தெரிந்தபோது, நின்றது. தானாகவே நின்றது.

இழுத்துப் பார்த்தேன். கனம். உதறல் இல்லை, துடிப்பு இல்லை. பத்து நிமிஷம் போராடியும் ஒரு முழம்கூட வரவில்லை. அதற்குள் காற்று ஏறிவிட்டது, அலை தலையில் வெள்ளை கட்ட ஆரம்பித்தது. ஏழுமலை எழுந்து வடக்கே வானத்தைப் பார்த்தார்.

முத்துராஜ் முதலில் பின்வாங்கினான். "அண்ணாச்சி, நான் சொல்லுதது கேளுங்க. மீன் இல்ல. அறுந்துபோன வலை எதுவோ ஆத்துத் தண்ணியில வந்து மாட்டிருக்கு. அறுத்து விட்டுருங்க, போவோம்."

"முந்நூறு மீட்டர் நூல்டா."

"உசுருக்கு மேலயா நூலு?"

அவன் சொன்னது நியாயம். ராடைக் கை இடுக்கில் வைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்தேன். நூலை இடது கையால் பிடித்து, கத்திரியின் வாயைத் திறந்து நூலின் மேல் வைத்தேன். நம்பினால் நம்புங்கள், வைத்தேன், மூடவில்லை, அவ்வளவுதான் இடைவெளி. அந்த நொடியில் நூல் என் விரலில் இரண்டு தடவை இழுபட்டது. டக், டக். கதவைத் தட்டுகிற மாதிரி. நிறுத்தி, மறுபடி டக், டக்.

நான் கையை எடுத்துவிட்டேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, ஏழுமலை என்னவென்று கேட்காமலே பக்கத்தில் வந்து தன் விரலை நூலின் மேல் போட்டார். முப்பது வருஷமாகத் தங்கூஸ் நரம்பு ஓடி ஓடிக் கோடு விழுந்த விரல் அது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். எங்கள் கண்ணெதிரே நூல் மறுபடி இரண்டு தடவை ஆடியது.

"இது மீனு இல்ல நைனா" என்றார்.

"வலைதானே?" என்றான் முத்துராஜ்.

"வலை எதுக்கு ரெண்டு ரெண்டு வாட்டி இஸ்க்கப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே அவர் நங்கூரத்தைத் தூக்கப் போய்விட்டார்.

இன்ஜினை மெதுவாக ஓட்டினார், நான் படகின் முன்முனையில் நின்று நூலைச் சுற்றிக்கொண்டே வந்தேன், படகு நூலைத் தொடர்ந்து போனது. இந்தத் தடவை நூல் தடுக்கவில்லை, லேசாக வந்தது. பாதி நூல் உள்ளே வந்திருக்கும், முத்துராஜ் எழுந்து நின்று கையை நீட்டினான். அலைக்கு நடுவே வெள்ளையாக ஏதோ மேலே வந்து மறைந்தது. ஒரு சிமெண்ட் சாக்கு, உள்ளே தெர்மாகோல் துண்டுகளை அடைத்துத் தைத்தது. அதன் மேல் கவிழ்ந்து கிடந்தது ஓர் ஆள்.

உயிர் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, கை கால் தோலெல்லாம் வெந்த மாதிரி சுருங்கியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து படகுக்குள் இழுத்துப் போட்டோம். முத்துராஜ் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினான், ஏழுமலை பிளாஸ்கிலிருந்த டீயை மூடியில் ஊற்றி வாயில் வைத்தார். நான் மட்டும் ஒன்றும் செய்யாமல் நின்றேன். என் கண் அவனுடைய இடது மணிக்கட்டிலேயே இருந்தது.

என் கண்ணாடி நரம்பின் முனையில் ஜிக் இல்லை. அந்த முனை அவன் மணிக்கட்டில் கட்டியிருந்தது. சும்மா சிக்கியதில்லை, கட்டியிருந்தது. நரம்பு தோலை அறுக்காமல் இருக்க அவன் லுங்கியிலிருந்து கிழித்த ஒரு துணிப்பட்டையை முதலில் சுற்றி, அதற்கு மேல் நரம்பை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக ஒன்பது சுற்று, கடைசியில் தட்டையாக ஒரு முடிச்சு. ஜிக்கைத் தேடினேன். சாக்கின் ஓரத்தில், முள் முனை யாரையும் குத்தாதபடி தெர்மாகோலுக்குள் அழுத்திச் செருகி வைத்திருந்தது.

முத்துராஜும் குனிந்து பார்த்தான். "அண்ணாச்சி, இது உங்க முடிச்சுல்லா? பாத்தியளா, நுனியில மணி."

முடிச்சின் நுனி உருகி மணியாக உறைந்திருந்தது.

"என் முடிச்சு இல்ல. இப்படி ஒரு முடிச்சை நான் பார்த்ததே இல்ல" என்றேன். அது உண்மை. ஆனால் அந்த மணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கடல் நடுவில், தண்ணீருக்குள் கிடக்கிற ஒருவன் கையில், நரம்பை யார் நெருப்பு வைத்து உருக்கியது என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

டீ இரண்டு மடக்கு இறங்கியதும் அந்த ஆள் கண்ணைத் திறந்தான். எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். ஏழுமலை, முத்துராஜ், நான். பிறகு படகுக்கு வெளியே திரும்பிப் பார்த்தான்.

"அவுரு ஏறலியா?" என்றான்.

"யாரு?"

"உங்க போட்டுல வந்தவரு சார். இத்த கட்னாரே. தண்ணில கீறாரு பாருங்க, ஏத்துங்க."

எனக்கு முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது, ஆனால் அதைவிட மோசமான ஒன்று உடனே மண்டையில் அடித்தது, ஏழுமலைக்கும் அதேதான் அடித்திருக்க வேண்டும். இவன் சொல்வது நிஜமென்றால் இன்னொரு ஆள் தண்ணீரில் இருக்கிறான். வேறு படகிலிருந்து விழுந்தவனோ, நீந்தி வந்தவனோ, யாராயிருந்தாலும் சரி, ஓர் ஆள். விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஏழுமலை படகைத் திருப்பினார். வட்டமாகச் சுற்றினோம், பிறகு இன்னும் பெரிய வட்டம். முத்துராஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாய் வலிக்க விசில் ஊதுகிறோம், தொண்டை கிழியக் கூப்பிடுகிறோம். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? "அண்ணே, அண்ணே" என்றுதான் கூப்பிட்டோம். அலையும் ஆகாயத்தாமரையும் தவிர ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் படகில் கிடந்தவனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. அரைமணி நேரம் ஆனதும் முத்துராஜ் அழுகிற குரலில், "இவன் போயிருவான் ஏழுமலை அண்ணே, கரைக்கு விடுங்க" என்றான். ஏழுமலை ஒரு கையால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குப்பத்துக்குப் போன் போட்டார். அவர் சொந்தக்காரர்களின் இரண்டு படகுகள் எதிரே வருவது கண்ணில் பட்ட பிறகுதான், இடத்தைக் கைகாட்டிச் சொல்லிவிட்டுத்தான், கரையைப் பார்த்துத் திருப்பினார்.

அந்த இரண்டு படகுகளும் இருட்டும்வரை தேடின. போலீசிலும் சொன்னோம். வடக்கே இருந்து தெற்கு வரைக்கும் ஒவ்வொரு குப்பமாகப் போன் போட்டு விசாரித்தார் ஏழுமலை. அன்றைக்கு எந்தக் குப்பத்திலும் யாரும் திரும்பி வராமல் இல்லை. எந்த உடலும் அடுத்த நாட்களில் ஒதுங்கவில்லை.

நாங்கள் காப்பாற்றிய ஆளின் பெயர் டில்லிபாபு. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அடையாற்றுக் கரையில் குடிசையில் பிறந்து வளர்ந்தவன், கரையைக் காலி செய்தபோது பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே முதல் பஸ் பிடித்து வந்து, தெர்மாகோல் சாக்கின் மேல் படுத்துக்கொண்டு முகத்துவாரத்தில் கைத்தூண்டில் போடுவது அவன் வழக்கம். அன்றைக்கு ஆறு அவனை இழுத்துக் கடலில் தள்ளிவிட்டது. இதெல்லாம் அவன் மனைவி ஆஸ்பத்திரியில் சொன்னது. மணிக்கட்டிலிருந்ததை நான் படகிலேயே முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக நறுக்கி, முடிச்சு கலையாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மாலதிக்கு நாங்கள் ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்பது மட்டும்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை வடைமாலை சாத்தினாள். நான் வழக்கம்போல ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் வீடியோ பார்க்கவில்லை.

இரண்டு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஜிக் போய் அவன் மேல் மாட்டியிருக்கும், அரை மயக்கத்தில் அவனே கட்டிக்கொண்டிருப்பான், குளிரில் இல்லாத ஆள் இருக்கிற மாதிரி தெரிந்திருக்கும். எல்லாம் சரி, ஒற்றைக் கையால் அப்படி ஒரு முடிச்சு போட முடியுமா? அந்த மணி? வேலையில் கவனமே இல்லை, இரண்டு பீஸ் தப்பாகிப்போனது. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பெரும்பாக்கம் போனேன்.

டில்லி எட்டாவது மாடியில் இருந்தான். தேறியிருந்தான். மனைவி காபி கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கீழே போனாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"டில்லி, அன்னிக்கு உன் கையில கட்டினது யாரு? நீயே கட்டிக்கிட்டியா?"

"இன்னா சார், நீங்களும் இப்டி கேக்குறீங்க? போலீஸ்காரரும் இத்தயேதான் கேட்டாரு." அவனுக்குக் கோபமில்லை, வருத்தம்தான். "கண்ண மூடினா தூக்கம் தூக்கமா வந்துச்சு சார். அப்ப அவுரு வந்தாரு. கைல நரம்ப புட்ச்சிக்கினு வந்தாரு. நீச்சல் அடிச்சிக்கினு வரல, சும்மா வந்தாரு. கைய குடுடான்னாரு. லுங்கிய கிழிச்சி சுத்தி, கட்டி, லைட்டர் எடுத்தாரு. எனக்கே சிரிப்பு வந்துச்சு, கடல்ல போய் லைட்டர் பத்துமா? பத்திச்சு சார்."

"அப்புறம்?"

"தூங்காத, பேசிக்கினு இருன்னாரு. திடீர்னு மேல பாக்குற மாதிரி பாத்துட்டு, 'அவன் கத்திரிய எடுத்துட்டான், இப்ப இஸ்துடு, ரெண்டு ரெண்டு வாட்டி'ன்னாரு. இஸ்தேன். அப்பால நீங்க வந்தீங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். நான் கத்திரி எடுத்ததை ஏழுமலையோ முத்துராஜோ இவனிடம் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பேசியிருப்பார்கள்.

"வேற என்ன பேசினாரு?" என்று கேட்டேன். இதை நான் கேட்டிருக்க வேண்டாம்.

டில்லி யோசித்தான். "ஒண்ணியும் பெருசா இல்ல சார். அவுரு வூட்டு கதைதான். அன்னிக்கு சம்சாரத்தோட காஞ்சிபுரம் போறதா சொல்லி இருந்தாராம், மாமியாருக்கு ஒடம்பு சரியில்லயாம். அந்தம்மா முழிச்சிக்கப் போவுதேன்னு செருப்ப கைல எடுத்துக்கினு சத்தமில்லாம கெளம்பி வந்துட்டாராம். சொல்லி சிரிச்சாரு. அப்பால ஒரு மாதிரி ஆயிட்டாரு."

இதுவரைக்கும் நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிறு மாலதியைக் காஞ்சிபுரத்துக்கு அவள் அம்மாவைப் பார்க்கக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். விடிகாலை நாலரைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன். படகில் எனக்கு இருப்பு கொள்ளாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இதை நான் முத்துராஜிடம் சொல்லவில்லை. ஏழுமலையிடம் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போன மாலதிக்குக்கூடச் செருப்பு விஷயம் தெரியாது.

"டில்லி, நல்லா பாத்துச் சொல்லு. அந்த ஆளு என்னை மாதிரி இருந்தானா?"

அவன் என் முகத்தை நிதானமாகப் பார்த்தான். "இல்ல சார். அவுரு ரொம்ப வயசானவரு. தலை பூரா வெள்ளை. பல்லு கூட நெறைய இல்ல." பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி தன் இடது கையை விரித்துக் காட்டினான். "இந்த கைல சுண்டு வெரலு பாதிதான் சார் இருந்துச்சு. ஆனாலும் இன்னா ஸ்பீடா கட்னாரு தெரியுமா?"

என் இரண்டு கையிலும் பத்து விரலும் முழுதாக இருக்கிறது. இருபத்தாறு வருஷம் லேத்தில் வேலை செய்தவன், ஒரு நகக்காயம் கிடையாது, பட்டறையில் இருப்பவர்களுக்கு நான் அதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. இப்போது சொல்வதில்லை. காலையில் மெஷினைப் போடும்முன் இடது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், மாலையில் நிறுத்தியபின் ஒரு தடவை. காஞ்சிபுரத்துக்கு நாலு தடவை போய்விட்டு வந்தேன், மாலதிக்கு ஆச்சரியம், மாமியாருக்கு அதைவிட ஆச்சரியம். கடலுக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். ஏழுமலை ஒன்றும் கேட்பதில்லை. முத்துராஜ் மட்டும் அவ்வப்போது, "அண்ணாச்சி, அந்த முடிச்சப் போட்டுக் காட்டுங்களேன்" என்பான்.

அந்த முடிச்சு பட்டறை மேஜை டிராயரில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வரைந்துகூட வைத்திருக்கிறேன், எந்த இழை எதன் மேல் போகிறது என்று முழுக்கத் தெரியும். எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன், வரவில்லை. கடைசிச் சுற்றில் இழுக்கும்போது நரம்பு ஒதுங்கிக்கொண்டு முடிச்சு கலைந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் போயிருந்தது, எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். நரம்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, இடது கைச் சுண்டு விரலை உள்ளே மடக்கிக்கொண்டு போட்டேன்.

முதல் தடவையிலேயே வந்துவிட்டது.